வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நவராத்திரி நெருங்குகிறது. அதன் பின்னாலேயே ஐப்பசி முகூர்த்தங்கள், அப்புறம் மார்கழி. கொலு, கல்யாண வரவேற்பு, கோயில் உற்சவம், சபா கச்சேரி என்று வாத்தியங்கள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரும் மாதங்கள் இவை. இந்த மாதங்களில் வாசிப்பவர்கள் எல்லோரும் படும் ஒரு சங்கடத்தை வாசகர்களிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். விஷயம் இவ்வளவுதான்: அடுத்தவர் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், மனத்தாங்கல் கொள்ளாதீர்கள்.

கெட்ட எண்ணத்தில் யாரும் தொடுவதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆசையில்தான் தொடுகிறார்கள். எதிரே ஒரு வீணை இருந்தால் கை தானாகவே தந்திக்குப் போகிறது, மிருதங்கம் இருந்தால் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஆசை இல்லாத ஊரில் சங்கீதமே இருக்காது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது, மேடையில் துணி போர்த்தி வைத்திருக்கும் மிருதங்கத்தின் துணியை விலக்கித் தட்டிப் பார்க்க மட்டும் தோன்றுகிறது. மேடை பொது இடம், அங்கே இருப்பதும் பொதுச் சொத்து என்று நினைத்துவிடுகிறார்கள் போலும். அதில் இருப்பது ஒருவருடைய பிழைப்பு, அதுவும் அன்றைய மாலைக்கென்று தயார்செய்து வைத்த பிழைப்பு.

நான் மிருதங்கம் வாசிப்பவன், சொல்லிக்கொடுப்பவன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மிருதங்கத்தைப் பார்ப்பவர்களுக்கு அது அடி வாங்கவே செய்யப்பட்ட கனமான மரமாகத்தான் தெரியும். பலாமரம், மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இறுக்கிக் கட்டிய வார். இதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஆனால் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கிறதே, அதைச் சாதம் என்போம், நாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது அது. காய்ந்த பிறகு அதில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் விழும், அந்த வெடிப்பு சரியாக விழுந்தால்தான் நாதம் பேசும். மோதிரம் போட்ட விரலோ, கையில் வைத்திருக்கும் சாவியோ, குழந்தையின் விளையாட்டுச் சாமானோ அதன் மேல் பட்டால் ஒரு சில்லு பெயர்ந்து வரும். ஒரு சில்லு போனால் போதும், நாதம் மாறிவிடும். பந்தியில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு வந்து தட்டினாலும் கெடுதல்தான், சாதம் ஈரத்தை வாங்கிக்கொண்டு மந்தமாகிவிடும்.

இடப்பக்கம் தொப்பி. கச்சேரிக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவோம், அந்தக் கனத்தில்தான் கீழ் ஸ்தாயி கும்மென்று வரும். அதிகமானாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. எத்தனையோ பேர் வந்து, இது என்ன ஈரமாக இருக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரலோடு பாதி ரவை வந்துவிடும். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடச் சுருதி இருக்கிறது. சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், பாடுகிறவர் ஆணாக இருந்தால் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்ணாக இருந்தால் ஐந்து, ஐந்தரை. எந்த மிருதங்கத்தையும் அரைக்கட்டை ஒரு கட்டைக்கு மேல் ஏற்றி இறக்க முடியாது என்பதால், யார் பாடுகிறார் என்று பார்த்து அதற்கான வாத்தியத்தை எடுத்து வருவோம். வந்ததும் தம்பூராவைக் கேட்டுக்கொண்டே, கல்லையும் சின்ன மரக்கட்டையையும் வைத்து விளிம்பைச் சுற்றிலும் தட்டி, ஒரு இடம் கூடப் பிசகாமல் எல்லாப் பக்கமும் ஒரே நாதமாக வரும்படி சேர்ப்போம். குளிர்சாதன அரங்கமாக இருந்தால் தோல் காய்ந்து சுருதி ஏறும், மழை நாளாக இருந்தால் இறங்கும், அதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் சேர்க்க வேண்டும். இவ்வளவும் முடித்து, துணியைப் போர்த்தி, ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று கீழே இறங்கினால், திரும்பி வரும்போது யாரோ ஒருவர் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, இதை வைத்து இங்கேதானே அடிப்பார்கள் என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்கிக்கொண்டிருப்பார். இது கற்பனை இல்லை, மிருதங்கக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு கல்யாண வரவேற்பில் நடந்ததைச் சொல்கிறேன். மணமக்களுக்கு மாலை மாற்றும் சடங்குக்காகக் கச்சேரியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் எழுந்து ஓரமாக நின்ற நேரத்தில், உறவினர் ஒருவர் தன் பையனைத் தூக்கி என் இடத்தில் உட்காரவைத்து, தட்டுடா தட்டுடா என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பையன் கையில் சின்ன இரும்புக் கார் இருந்தது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் சாதம் பெயர்ந்துவிட்டது. அந்தத் தகப்பனார் சொன்னது, குழந்தைதானே சார். ஆமாம், குழந்தைதான், குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தட்டிப் பார்க்கும் வயது அது, தட்டத்தான் செய்யும். ஆனால் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர் பெரியவர்தானே, இரண்டு அடி தள்ளி நான் நின்றுகொண்டுதானே இருந்தேன், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் அந்தக் காரை வாங்கி வைத்துவிட்டு, பையனை மடியில் உட்காரவைத்து, அவன் விரலைப் பிடித்து நானே தட்டிக் காட்டியிருப்பேன். அதற்குப் பிறகு மீதிக் கச்சேரியை, சுருதிக்குச் சரியாகச் சேராத இன்னொரு மிருதங்கத்தை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடிக்க வேண்டியதாயிற்று. பாடினவர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

உடைந்தால் சரிசெய்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். மிருதங்கம் கடையில் மாற்றிக்கொள்ளும் பொருள் இல்லை. மூட்டு என்கிற தோல் பகுதியை மாற்ற, சாதம் போட, நம் வாசிப்புக்கு ஏற்ற மாதிரி வேலை செய்து கொடுக்கும் ஆள் ஒரு ஊரில் ஒருவர் இருந்தால் அதிகம், அவர் கையில் ஏற்கெனவே பத்துப் பேருடைய வாத்தியம் இருக்கும். புதிதாகச் சாதம் போட்டால் அது வாசிப்பில் பழகிப் பதத்துக்கு வரவும் நாள் பிடிக்கும். நடுவில் வரும் கச்சேரிகளுக்கு என்ன செய்வது?

வீணைக்கு வருகிறேன். என் வீட்டில் வீணையும் உண்டு, அதனால் அதன் கஷ்டமும் தெரியும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் எல்லாம் படம் போட்டார்கள், யாளி முகமும் குடத்தின் வேலைப்பாடும் பார்க்க அழகாக இருந்தன. அந்தப் படத்தில் தெரியாதது மெழுகு. தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் ஆணியடித்து இறுக்கியவை இல்லை, கறுப்பு மெழுகின் மேல் உட்கார்ந்திருப்பவை. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி அதன் இடத்தில் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர், அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் வீணையை விட்டால் மெழுகு இளகும், இளகிய மெழுகின் மேல் யாராவது மெட்டைப் பிடித்து அழுத்தினால் அது நகர்ந்துவிடும். நகர்ந்த மெட்டில் எந்த ஸ்வரமும் சரியாகப் பேசாது.

உண்மையைச் சொன்னால், தந்தியை மெதுவாக ஒரு தடவை மீட்டிப் பார்ப்பதால் வீணைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கை அங்கே நிற்பதில்லை. முதலில் தந்தியை முறுக்கும் பிரடைக்குப் போகிறது, திருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஒரு திருகு கூடினால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும், குறைந்தால் சுருதி மொத்தமும் போகும். அப்புறம் தூக்குவது. தண்டின் கீழே இருக்கும் சுரைக்காயைப் பிடித்துத் தூக்குகிறார்கள், அது வீணையின் கனத்தைத் தாங்குவதற்காக வைத்தது இல்லை. கொலுவுக்குப் போய் வாசிக்கும் என் மாணவி ஒருத்தி சொல்வாள், பாட்டு முடிந்ததும் அந்த வீட்டு மாமிகள் ஒவ்வொருவராக வந்து, நானும் சின்ன வயதில் கற்றுக்கொண்டேன், ஒரே ஒரு சரளி வரிசை வாசிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்களாம். இவள் பதினேழு பதினெட்டு வயதுப் பெண், பாட்டியின் வயதில் இருப்பவர்களிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்? வளையல் பலகையில் உராயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சிரித்த முகத்தோடு நிற்கிறாள். அந்த மாமிகளுக்கு அவள் மேல் உண்மையான பிரியம் உண்டு, சுண்டலை டப்பாவில் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். கேட்பது தப்பில்லை, மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இடம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். முடியுமா கண்ணு, உனக்குச் சரியா என்று கேட்டுவிட்டு, அவள் கொஞ்சம் தயங்கினாலும், பரவாயில்லைம்மா என்று நீங்களே நகர்ந்துவிட்டால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி.

தம்பூராவில் பிரிட்ஜின் மேல் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் இருக்கும், ஜீவா என்போம், அது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ரீங்காரம் போய்விடும். நூல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துப் போட்டவர்களும் உண்டு. வயலின் வில்லில் இருக்கும் குதிரை மயிரை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில், வில்லுக்குத் தடவும் ரோசின் என்ற பிசின் பிடிக்காது, அந்த இடம் வந்தால் வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும். கடம் மண், அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மானாமதுரையில் வேண்டிய சுருதி சொல்லித் தேடி எடுத்து வந்த கடம் ஒரு தட்டில் விரிசல் விட்டால், அதே சுருதியில் அதே நாதத்தில் இன்னொன்று கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பழைய கஞ்சிராக்களில் இருப்பது உடும்புத் தோல். உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பிராணி, இன்னொரு தோல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஊதும் வாத்தியங்களை ஊதிப் பார்க்க மட்டும் தயவுசெய்து கேட்கவே கேட்காதீர்கள். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியான சீவாளி ஒருவர் வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்துப் பதப்படுத்துவது, அது இன்னொருவர் வாய்க்குப் போகக் கூடாது. கொரோனா காலத்துக்குப் பிறகும் இதை விளக்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தம். புல்லாங்குழலும் அப்படித்தான். நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சாமரத்தைக் கடைந்து செய்யும் நாகஸ்வரத்தைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டால், சீவாளியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அதன் கனத்தையும் வழவழப்பையும் தெரிந்துகொள்ள அது போதும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்ல வருவது தப்பாகப் போய்விடும். தொடாதே என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு பழைய, அசிங்கமான வரலாறு இருக்கிறது. சங்கீதத்திலும் இருக்கிறது. மாட்டைத் தோலுரித்து, பதப்படுத்தி, வார் பிடித்து மிருதங்கத்தைச் செய்துகொடுத்தவர்களைத் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் இருந்தன. அவர்கள் கை படாமல் ஒரு மிருதங்கமும் பேசியதில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைக் கொண்டாடுகிறவர்கள், அவருக்கு வாத்தியம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பெண்ணுக்கு எதற்கு மிருதங்கம் என்று கேட்ட காலமும் இருந்தது, அந்தக் காலத்திலேயே புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டு மேடையேறியவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டு வந்த மதுரை பொன்னுத்தாய் இன்னொருவர். ஆகவே பிறப்பைப் பார்த்தோ, ஆணா பெண்ணா என்று பார்த்தோ, தீட்டு என்று சொல்லியோ ஒருவர் கையைத் தட்டிவிடுகிறவர் யாராக இருந்தாலும் நான் அவர் பக்கம் இல்லை. அப்படிச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சரி.

நான் கேட்பது வேறு. வாத்தியம் இருக்கும் நிலையைப் பார்த்து அதன் சொந்தக்காரர் சரி என்றோ இப்போது வேண்டாம் என்றோ சொல்லட்டும், அந்தப் பதில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வரவேற்பு வீட்டுக்காரர் பெரிய புள்ளி, அவர் பேரன் ஆசைப்படுகிறான் என்றால் அவனுக்கும் அதே பதில். சமையல்கட்டில் வேலை செய்பவரின் பெண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கும் அதே பதில். நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது, பேரனைத் தடுக்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை, அந்தப் பெண் கிட்டே வந்தாலே நாலு பேர் விரட்டுகிறார்கள். கேட்காமலே தொடுகிறவர்களில் பெரும்பாலோர் யாரும் தங்களைத் தடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள், இதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

சரி, எப்படிக் கேட்பது? வாத்தியத்தில் கையை வைத்துக்கொண்டே கேட்காதீர்கள், அது கேட்பது ஆகாது. கச்சேரிக்கு முன்னாலும் நடுவிலும் வேண்டாம், முடிந்து உறை போடுவதற்கு முன்னால் வாருங்கள், அப்போது எங்களுக்கும் மனம் லேசாக இருக்கும். அனுமதி கிடைத்தால் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கையை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, எங்கே எப்படித் தொட வேண்டும் என்று சொல்வதைக் கேட்டுத் தொடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் அதையும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், ஏன் சார், ஒரு நிமிஷம்தானே என்று இழுக்காதீர்கள், வேறு ஒருவரைத் தூது அனுப்பாதீர்கள். கை தவறி ஏதாவது ஆகிவிட்டால் அங்கேயே உடனே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய் உறையைத் திறந்து பார்க்கும்போது தெரியவருவதுதான் மிகப் பெரிய வேதனை, அடுத்த நாள் கச்சேரி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அழகாகக் கேட்பவர்களும் நிறைய உண்டு. ஒரு கிராமத்துக் கோயில் உற்சவத்தில் கச்சேரி முடிந்த பிறகு, ஒரு பெரியவர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, தம்பி, உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வாங்க ஐயா என்றேன். துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, வாத்தியத்தை வணங்கிவிட்டு, தத் தித் தொம் நம் என்று முதல் பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்தார். விரல் நடுங்கியது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் சுத்தம். சிறுவயதில் கற்றுக்கொண்டு, குடும்பக் கஷ்டத்தில் விட்டுவிட்டாராம். அவர் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்க மாட்டாரா என்றிருந்தது எனக்கு. நானே கேட்டுக்கொண்டும், போதும் தம்பி என்று எழுந்துவிட்டார்.

வாசிப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கேட்டு வருகிறவரை முகத்தைச் சுளித்து விரட்டாதீர்கள். இப்போது முடியாது, சுருதி சேர்த்து வைத்திருக்கிறேன், முடிந்ததும் வாருங்கள் என்று காரணத்தைச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே உட்காருங்கள், கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டு அப்புறம் ஐயோ என்று சொல்வதில் பயனில்லை. நமக்குள்ளேயும் இந்த மரியாதை குறைந்துகொண்டு வருகிறது. குரு வீட்டில் குருவின் வாத்தியத்தைச் சொல்லாமல் எடுக்க மாட்டோம், ஆனால் நம்மைவிடச் சின்னவர் வாத்தியம் என்றால் உரிமையோடு எடுத்து, சுருதி சரியில்லையே என்று நாமே கல்லை எடுத்துத் தட்டத் தொடங்கிவிடுகிறோம். அந்தச் சின்னவருக்கும் அது அவர் வாத்தியம்தான். வெளியூர்க் கச்சேரிக்கு ஒருவர் வாத்தியத்தை இரவல் வாங்கினால், எந்த நிலையில் வாங்கினோமோ அந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், தந்தி அறுந்திருந்தால் புதுத் தந்தி போட்டுக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆசைப்படும் குழந்தைகளை அப்படியே ஏமாற்றமாக அனுப்பிவிடுவதா என்றால், கூடாது. அதற்கென்று வாத்தியம் வைக்க வேண்டும். 2008-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் லூக் ஜெரம் என்ற கலைஞர், வழியில் போகிற யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று தெருவில் பியானோக்களைக் கொண்டு வைத்தார், பிறகு அது வேறு பல நாட்டு நகரங்களுக்கும் போனது. அங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தப் பியானோ அதற்காகவே வைத்தது. நம் ஊரில் பறை கற்றுக்கொடுக்கும் முகாம்களில், யார் வந்தாலும் கையில் பறையைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்களே, அதுவும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அங்கே தொடத்தான் கூப்பிடுகிறார்கள்.

சபாக்கள் இதைச் செய்யலாம். டிசம்பர் சீசனில் உணவகத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள், அதன் பக்கத்தில் ஒரு பாய் விரித்து, ஒரு பழைய வீணை, ஒரு மிருதங்கம், ஒரு தம்பூராவை வைத்து, சொல்லிக்காட்ட ஒரு மாணவரை உட்காரவைக்க முடியாதா? அந்த மாணவருக்குச் சின்னதாக ஒரு தொகையும் கொடுக்கலாம். கச்சேரிக்கு இழுத்து வரப்பட்டு நாற்காலியில் நெளியும் பிள்ளைகள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள், விஜயதசமி அன்று சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல், அன்று வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். சரஸ்வதி பூஜையன்று வாத்தியங்களை அடுக்கி வைத்து வாசிக்காமல் கும்பிடுகிறோம், மறுநாள் எடுக்கும்போது புதிய கை ஒன்றும் கூடவே சேரட்டுமே.

கல்யாண மண்டபக்காரர்களுக்கும் விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கச்சேரிக்கு ஆள் ஏற்பாடு செய்யும்போதே, இடைவேளையில் மேடையில் வாத்தியங்களின் பக்கத்தில் நிற்க ஒரு பொறுப்பான ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். மைக்கில் வரவேற்புரை சொல்பவர், வாத்தியங்களைத் தொட வேண்டாம், விருப்பமுள்ளவர்கள் கச்சேரி முடிந்ததும் கலைஞர்களைக் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதை வாசிப்பவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். கூலிக்கு வந்த இடத்தில் வீட்டுக்காரரின் உறவினரை அவர் எப்படித் தடுப்பார், அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். நீங்கள் சொன்னால் யாருக்கும் வருத்தம் இல்லை.

கும்பகோணம், தஞ்சாவூர் சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடமாவது பிள்ளைகளுக்கு வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கக் கொடுக்க விரும்பினால், இங்கே இருக்கும் எந்த இசை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். அடி வாங்கிப் பழகிய பழைய மிருதங்கம் ஒன்று எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.